நிறம் மாறும் உணரிக்கு எந்த நானோதாள்? டெல்டா ஆய்வகங்களுக்கான ஓர் ஒப்பீடு

ஆய்வேட்டுக்குத் தலைப்பு எடுக்கும் பருவம் வந்துவிட்டால், தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கத்து வேதியியல், உயிர்வேதியியல் மாணவர்களிடமிருந்து வருகிற கேள்வி ஏறத்தாழ ஒன்றுதான்: பூச்சிமருந்து எச்சத்தையோ குளுக்கோசையோ நிறமாற்றத்தைக் கொண்டு கண்டறியும் உணரி ஒன்று செய்ய வேண்டும்; அதற்குக் கிராஃபீன் ஆக்சைடை எடுப்பதா, மாலிப்டினம் டைசல்பைடை எடுப்பதா, மாங்கனீசு டைஆக்சைடை எடுப்பதா? கேள்வியில் பொருளின் பெயர் இருக்கிறது. சோதிக்கப்போகும் மாதிரியின் பெயர் பெரும்பாலும் இருப்பதில்லை. வாய்க்கால் நீரா, ஆழ்துளைக் கிணற்று நீரா, கத்தரிக்காயைக் கழுவிய நீரா, பாலா என்பதைப் பொறுத்து விடை முற்றிலும் மாறிவிடும். ஆகவே இந்த ஒப்பீடு மாதிரியிலிருந்து தொடங்கிப் பொருளுக்கு வருகிறது.

## நிறம் எங்கிருந்து வருகிறது

2004ஆம் ஆண்டு மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டான்டின் நோவோசெலோவும் கிராஃபைட்டிலிருந்து ஒற்றை அணு அடுக்கைப் பிரித்தெடுத்த பிறகு, அடுக்கடுக்காக அமைந்த வேறு பல சேர்மங்களையும் ஓரிரு நானோமீட்டர் தடிமனுக்கு உரித்தெடுக்கும் வழிகள் பெருகின. நானோதாள் என்னும் இவ்வளவு மெல்லிய தாளில் ஏறத்தாழ எல்லா அணுக்களும் மேற்பரப்பிலேயே இருக்கும். ஒற்றையடுக்குக் கிராஃபீனின் கோட்பாட்டு மேற்பரப்பு கிராமுக்கு 2630 சதுர மீட்டர். வினை நடக்கும் இடம் மேற்பரப்புதான் என்பதால், மிகக் குறைந்த அளவு பொருளே போதுமானதாகிறது.

இதற்கு இணையாக இன்னொரு கண்டுபிடிப்பு நடந்தது. இரும்பு ஆக்சைடு நானோதுகள்கள், பெராக்சிடேஸ் நொதியைப் போலவே, ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொண்டு நிறமற்ற சாயமூலத்தை நிறமாக்குகின்றன என்று 2007இல் சீன ஆய்வாளர்கள் காட்டினார்கள். கார்பாக்சில் தொகுதிகள் ஏற்றிய கிராஃபீன் ஆக்சைடும் அதைச் செய்கிறது என்பது 2010இல் தெரிந்தது. நொதியின் வேலையைச் செய்யும் இத்தகைய பொருள்களை நானோசைம் என்கிறோம்.

நடைமுறையில் நிறம் மூன்று வழிகளில் எழுகிறது. முதலாவது பெராக்சிடேஸ் வழி: ஹைட்ரஜன் பெராக்சைடு இருந்தால் மட்டுமே டிஎம்பி என்னும் சாயமூலம் நீலமாகும், அந்த நீலத்தை 652 நானோமீட்டரில் அளக்கலாம், அமிலம் சேர்த்து வினையை நிறுத்தினால் மஞ்சளாகும், அப்போது 450 நானோமீட்டரில் அளக்க வேண்டும். இரண்டாவது ஆக்சிடேஸ் வழி: பெராக்சைடு சேர்க்காமலேயே டிஎம்பி நீலமாகும். மூன்றாவது, தாளின் சொந்த நிறமே மறைவது. எந்தப் பொருளைத் தேர்ந்தாலும் இந்த மூன்றில் எந்த வழியில் அது இயங்கப்போகிறது என்பதை முதலில் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வது நல்லது. அதிலிருந்துதான் பிழைகளின் திசையும் தெரியவரும்.

## அளவுகோல்கள்

மாதிரியின் குறுக்கீடு. என் கணக்கில் மற்ற எல்லாவற்றுக்கும் முந்தியது இதுதான். ஜூன் 12ஆம் தேதியை ஒட்டி மேட்டூர் திறந்து கல்லணை வழியாக வரும் முதல் நீர் வண்டல் கலந்து கலங்கியிருக்கும். ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபெரஸ் இரும்பு கரைந்திருக்கக்கூடும். வேதாரண்யம், நாகப்பட்டினம் கரையோரத்தில் உப்பு ஏறியிருக்கும். காய்கறிச் சாற்றில் வைட்டமின் சி இருக்கும். காய்ச்சி வடித்த நீரில் மட்டும் வேலை செய்யும் உணரியை உணரி என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

பிழையின் திசை. நஞ்சு இருக்கும்போது இல்லை என்று சொல்லும் பிழையும், இல்லாதபோது இருக்கிறது என்று சொல்லும் பிழையும் சமமானவை அல்ல. குடிநீருக்கும் உணவுக்கும் முதல் வகைப் பிழையே ஆபத்தானது.

செய்முறையும் பாதுகாப்பும். கல்லூரி ஆய்வகத்தில் சோனிகேட்டர் (மீயொலியால் பொருளைச் சிதறடிக்கும் கருவி), மையவிலக்கு இயந்திரம், மஃபிள் உலை ஆகியவை இருக்கும். மந்த வாயு நிரப்பிய கையுறைப் பெட்டி அரிதாகவே இருக்கும்.

சேமிப்பு. உரித்தெடுத்த தாள்கள் மீண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொள்ளும் இயல்புடையவை. அதோடு சித்திரை, வைகாசி வெயிலையும் மின்தடையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

பின்னணி நிறம். தாளுக்கே நிறம் இருந்தால், அது எழுப்பும் நிறத்தோடு கலந்துவிடும். கண்ணாலும் கைப்பேசி கேமராவாலும் படிக்கப்போகிறவர்களுக்கு இது பெரிய தொல்லை.

கண்டறியும் எல்லையை (கண்டறியக்கூடிய மிகக் குறைந்த அளவை) இந்தப் பட்டியலில் நான் தனியாகச் சேர்க்கவில்லை. அது தேவையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய எண். எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று பந்தயம் கட்டுவதில் பொருளில்லை. குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500 மோனோகுரோட்டோபாசுக்கு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம், குளோர்பைரிபாசுக்கு 30, மாலத்தியானுக்கு 190, மெத்தில் பாரத்தியானுக்கு 0.3 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. உங்கள் இலக்கு இவற்றில் எது என்பதைப் பொறுத்து, ஒரே உணரி தேவைக்கு அதிகமான நுட்பம் உடையதாகவும் இருக்கலாம், பயனற்றதாகவும் இருக்கலாம்.

## ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய இரண்டு

நானோதாள்களை எடைபோடும் முன், அவை எதற்கு மாற்றாக வருகின்றன என்பதைப் பார்த்துவிடலாம்.

தங்க நானோதுகள் முறை எளிமையில் ஒப்பற்றது. 1951இல் டர்கெவிச் விவரித்த சிட்ரேட் முறையில், கொதிக்கும் குளோரோஆரிக் அமிலக் கரைசலில் சிட்ரேட்டைச் சேர்த்தால் சிவப்பான கூழ்மம் கிடைக்கும். துகள்கள் பிரிந்திருந்தால் சிவப்பு, ஒன்றாகத் திரண்டால் ஊதா அல்லது நீலம். 13 நானோமீட்டர்த் துகளின் மோலார் ஒளி உறிஞ்சல் எண் (நிறத்தின் வலிமையைக் காட்டுவது) 10 கோடியைத் தாண்டும். நீலமான டிஎம்பிக்கு அது 39,000 மட்டுமே. மறைமுகச் செலவோ இரண்டு. கண்ணாடிக் கலங்களை இராஜதிராவகத்தால் (ஹைட்ரோகுளோரிக், நைட்ரிக் அமிலக் கலவை) கழுவாவிட்டால் கூழ்மம் கெட்டுப்போகும் என்பது ஒன்று. மற்றது உப்பு: சில பத்து மில்லிமோலார் சோடியம் குளோரைடு இருந்தாலே சிட்ரேட் பூசிய தங்கம் தானாகத் திரண்டு நீலமாகிவிடும். கரையோரக் கிணற்று நீரை இதில் ஊற்றினால், நஞ்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே விடைதான் கிடைக்கும்.

எச்ஆர்பி என்னும் இயற்கைப் பெராக்சிடேஸ் நொதி நம்பகமானது, ஆனால் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டியது. 2018 நவம்பரில் கஜா புயல் கடந்தபோது நாகை, திருவாரூர், தஞ்சை மாவட்டங்களில் பல நாள் மின்சாரம் இல்லாமல் இருந்ததை நினைத்துக்கொண்டால், இந்த நிபந்தனையின் விலை புரியும். நானோசைம்கள் குளிர்பெட்டியை நம்பியிருப்பதில்லை. ஆனால் எல்லா வகையிலும் மேலானவை என்றும் சொல்ல முடியாது. 2007ஆம் ஆண்டின் அந்த இரும்பு ஆக்சைடு ஆய்விலேயே, டிஎம்பியைப் பற்றுவதில் நானோதுகள் நொதியை விஞ்சியது. ஹைட்ரஜன் பெராக்சைடுக்கான மைக்கேலிஸ் மாறிலியோ (பாதி வேகத்துக்குத் தேவைப்படும் செறிவு) நொதிக்கு 3.70 மில்லிமோலாராகவும் நானோதுகளுக்கு 154 மில்லிமோலாராகவும் இருந்தது. அதாவது நானோதுகள் முழு வேகத்தில் இயங்கப் பல மடங்கு கூடுதல் பெராக்சைடு வேண்டும்.

## கிராஃபீன் ஆக்சைடு

முதலில் கேட்கப்படும் பெயர் இதுதான். கிராஃபைட் மலிவாகக் கிடைக்கிறது. தாளின் மேலுள்ள ஆக்சிஜன் தொகுதிகளில் எதிர்ப்பொருளையோ டிஎன்ஏ இழையையோ கட்டிவைக்கலாம். நீரில் நன்றாகப் பரவும். இரும்பு கொண்ட ஹீமின் மூலக்கூறை ஏற்றிக்கொண்டால் அதன் பெராக்சிடேஸ் ஆற்றல் வெகுவாகக் கூடும். டிஎன்ஏ, புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளைத் தேடுகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான தளம் இந்தப் பட்டியலில் இல்லை.

செய்முறைதான் இடறும் இடம். 1958ஆம் ஆண்டின் ஹம்மர்ஸ் முறையில் அடர் கந்தக அமிலத்தில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைச் சேர்க்கும்போது உருவாகும் மாங்கனீசு ஹெப்டாக்சைடு 55 டிகிரிக்கு மேல் வெடிக்கக்கூடியது. அறையின் வெப்பமே 38 டிகிரி இருக்கும் மே மாதத்தில், பனிக்கட்டித் தொட்டி பாதியில் உருகிவிடும் நிலையில், இதைத் தொடங்கக் கூடாது. 2010இல் வந்த மேம்பட்ட முறை சோடியம் நைட்ரேட்டைத் தவிர்த்து பாஸ்பாரிக் அமிலத்தைச் சேர்ப்பதால் நச்சு வாயு குறைகிறது. ஆனாலும் கவனம் குறைய இடமில்லை.

அதைவிடப் பெரிய மறைமுகச் செலவு கழுவுதல். அமிலம் வெளியேற வெளியேறத் தாள்கள் நீரை உறிஞ்சி உப்பிக் கூழாகிவிடும். மையவிலக்கில் படிய மறுக்கும். கழுவலே பல நாள் வேலையாகிவிடும். அலுப்பில் பாதியில் நிறுத்தினால் தாள்களுக்கிடையே மாங்கனீசு தங்கிவிடும். அந்த மாங்கனீசே டிஎம்பியை நீலமாக்கிவிட, கிராஃபீன் ஆக்சைடுதான் அதைச் செய்தது என்று எழுதப்படும் ஆய்வேடுகள் உண்டாகும். இதைத் தேர்கிறவர் உலோக எச்சத்தை அளந்து காட்டாமல் தன் முடிவை எழுதக் கூடாது.

## மாங்கனீசு டைஆக்சைடு

டெல்டாவின் நீருக்கும் பூச்சிமருந்துக்கும் வரும்போது நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். அதனாலேயே இதன் குறைகளையும் நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

செய்வது எளிது. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் நீர்த்த கரைசலை பிஎச் 6 உள்ள எம்இஎஸ் பஃபரோடு (அமிலத்தன்மையை மாறாமல் வைக்கும் கரைசல்) கலந்து அரை மணி நேரம் சோனிகேட்டரில் வைத்தால், ஊதா நிறம் மறைந்து பழுப்பு நிறக் கூழ்மம் வந்துவிடும். மையவிலக்கில் சுழற்றிக் கழுவினால் வேலை முடிந்தது. மாங்கனீசு குளோரைடை டெட்ராமெத்தில் அம்மோனியம் ஹைட்ராக்சைடோடும் பெராக்சைடோடும் இரவு முழுதும் கலக்கும் இன்னொரு முறையும் உண்டு; ஆனால் அந்த ஹைட்ராக்சைடு தோல்வழியே ஏறி உயிருக்கே உலை வைக்கக்கூடியது என்பதால், முதல் முறை போதும்.

இதன் சிறப்பு பெராக்சைடு தேவைப்படாமை. தாளே டிஎம்பியை ஆக்சிஜனேற்றி நீலமாக்குகிறது. தயோல் (சல்ஃபரும் ஹைட்ரஜனும் இணைந்த) தொகுதி உள்ள மூலக்கூறு வந்தால் தாள் ஒடுக்கமடைந்து நிறமற்ற மாங்கனீசு அயனியாகக் கரைந்துவிடும். பூச்சிமருந்துச் சோதனை இந்த இரண்டையும் பிணைத்து இயங்குகிறது. நரம்பு மண்டலத்தில் இயங்கும் அசிட்டைல்கோலின்எஸ்டரேஸ் நொதி, சோதனைக்காகச் சேர்க்கும் அசிட்டைல்தயோகோலினைச் சிதைத்துத் தயோகோலினைத் தரும்; தயோகோலின் தாளைக் கரைக்கும். பூச்சிமருந்து நொதியை முடக்கினால் தயோகோலின் வராது, தாள் கரையாது, டிஎம்பி நீலமாகும். சோதனைக் குழாயில் இதை நேரில் பார்த்தால் ஐயம் எழாது: நொதி உயிரோடுள்ள குழாயில் தேநீர் நிறத்திலிருந்த கூழ்மம் அடியிலிருந்து மேலாக வெளுத்து, சில நிமிடங்களில் எழுத்தை வாசிக்கும் அளவுக்குத் தெளிந்துவிடும், நொதி முடங்கிய பக்கத்துக் குழாய் அப்படியே பழுப்பாக நிற்கும். டிஎம்பி சேர்க்காமலேயே பாதி விடை தெரிந்துவிடுகிறது.

இனிக் குறைகள்.

முதலாவது, பிழையின் திசை. தாளைக் கரைப்பது தயோகோலின் மட்டுமன்று. வைட்டமின் சி, குளுட்டத்தயோன், ஆழ்துளை நீரின் ஃபெரஸ் இரும்பு ஆகிய எல்லாமே கரைக்கும். இவற்றில் ஒன்று மாதிரியில் இருந்தால், பூச்சிமருந்து இருந்தும் குழாய் தெளிந்து, நீர் சுத்தம் என்று பொய் சொல்லிவிடும். ஆபத்தான திசை இதுதான். ஆழ்துளை நீரைக் காற்றோட்டமாகக் கலக்கி வைத்தால் இரும்பு ஃபெரிக் நிலைக்கு மாறிப் பழுப்பாகப் படியும். வடிகட்டிவிட்டு நொதி இல்லாத வெற்றுச் சோதனை ஒன்றைச் செய்து தாள் கரையவில்லை என்று உறுதிசெய்த பிறகே தொடர வேண்டும். நெல்லிக்காய், முருங்கைக்கீரைச் சாற்றுக்கு இந்த முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது, குளிர்பெட்டி போய்விட்டது என்று சொல்வது பாதி உண்மை. பெராக்சிடேஸுக்கு மாற்று வந்திருக்கிறது, அசிட்டைல்கோலின்எஸ்டரேஸுக்கு வரவில்லை. வெப்பத்தில் அது செத்துவிட்டால் எல்லா மாதிரியும் நஞ்சுள்ளதாகவே காட்டும். இது முன்னதைப் போல ஆபத்தானதன்று, ஆனால் ஒரு வயல்வெளிச் சோதனை முழுவதையும் வீணாக்கப் போதுமானது. ஆகவே ஒவ்வொரு தொகுதியோடும் நஞ்சில்லாத நீரைக் கொண்டு நொதி உயிரோடிருப்பதைக் காட்டும் குழாய் ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

மூன்றாவது, இரண்டு பிஎச். நொதி பிஎச் 8ஐ ஒட்டி நன்றாக இயங்கும். டிஎம்பி பிஎச் 4ஐ ஒட்டி நன்றாக நீலமாகும். ஒரே குழாயில் எல்லாவற்றையும் கொட்ட முடியாது. இரண்டு படிகளாகப் பிரித்தாக வேண்டும். காகிதப் பட்டையாக மாற்ற நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள்.

நான்காவது, எதைக் கண்டறிகிறோம் என்பது. இந்த நொதியை முடக்குபவை ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகைகள் மட்டுமே. அவற்றிலும் மோனோகுரோட்டோபாஸ், டைகுளோர்வாஸ் நேரடியாக முடக்கும். குளோர்பைரிபாஸ், மாலத்தியான் போன்ற, பாஸ்பரசோடு சல்ஃபர் இரட்டைப் பிணைப்பில் உள்ளவை, சல்ஃபருக்குப் பதில் ஆக்சிஜன் ஏறிய ஆக்சான் வடிவத்துக்கு மாறினால்தான் வலுவாக முடக்கும். பூச்சியின் உடலில் அந்த மாற்றம் தானாக நடக்கிறது, குழாயில் நடக்காது. புரோமின் நீர் போன்ற ஆக்சிஜனேற்றியைக் கொண்டு முன்கூட்டியே மாற்றி, மிகுந்ததை அகற்றிவிட்டுச் சோதிக்க வேண்டும். இதைச் செய்யாமல் குளோர்பைரிபாசுக்கு உணரி வேலை செய்யவில்லை என்று பொருளைக் குறை சொல்வதைப் பலமுறை பார்க்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. இலைச்சுருட்டுப்புழுவுக்கும் குருத்துப்பூச்சிக்கும் இன்று அடிக்கப்படும் குளோரான்ட்ரானிலிப்ரோலும், சாறுறிஞ்சிகளுக்கு அடிக்கப்படும் இமிடாகுளோபிரிட்டும் இந்த நொதியைத் தொடுவதே இல்லை. ஆய்வுத் தலைப்பை முடிவுசெய்யும் முன் பக்கத்துக் கிராமத்தின் உரக்கடையில் இந்தப் பருவத்தில் எந்த மருந்து போகிறது என்று கேட்டுவிடுவது, ஆய்வுக் கட்டுரைகள் பத்தைப் படிப்பதைவிடப் பயன்தரும்.

## மாலிப்டினம் டைசல்பைடு

ஒற்றையடுக்கின் தடிமன் ஏறத்தாழ 0.65 நானோமீட்டர், பெராக்சிடேஸ் ஆற்றல் தாளின் நடுவைவிட ஓரங்களில் மிகுதி. ஆகவே பெரிய தாளைவிடச் சிறிய, ஓரம் மிகுந்த தாள்களே உணரிக்கு ஏற்றவை. மூலப்பொருள் உயவுப் பொருளாக விற்பது என்பதால் விலை குறைவு.

உரிக்கும் முறையில்தான் முடிவு இருக்கிறது. பியூட்டைல் லித்தியம் கொண்டு உரிப்பது மிகச் சிறந்த ஒற்றையடுக்குகளைத் தரும். ஆனால் அது காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும், கையுறைப் பெட்டி இல்லாத இடத்தில் பேச்சுக்கே இடமில்லை. எத்தனாலும் நீரும் கலந்த கலவையில், எத்தனால் ஏறத்தாழ 45 சதவீதம் இருக்கும்படி, நீண்ட நேரம் சோனிகேட்டரில் வைப்பது பாதுகாப்பான வழி. விளைச்சல் குறைவு, தடிமன் பல அடுக்குகளாகக் கலந்து இருக்கும்.

பலரும் கவனிக்காத சிக்கல் ஒன்று நிறமானியில் இருக்கிறது. 2எச் என்னும் சாதாரணப் படிக வடிவ மாலிப்டினம் டைசல்பைடு 610, 670 நானோமீட்டர் அருகே தானே ஒளியை உறிஞ்சும். டிஎம்பியின் 652 அவ்விரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. தாளைக் கூடுதலாகச் சேர்த்தால் நிறம் கூடியதுபோல் தெரியும், உண்மையில் கூடியது பின்னணி. மிகக் குறைந்த செறிவில் வைத்து, தாள் மட்டும் உள்ள குழாயைக் கழித்துக் கணக்கிட்டாலொழிய எண்களை நம்ப முடியாது. நீரில் நெடுநாள் வைத்தால், அதுவும் வெளிச்சத்தில், மெல்ல ஆக்சிஜனேற்றமடையும் என்பதால் பெரிய தொகுதியாகச் செய்து வைப்பதும் வீண்.

இதற்கு உரிய இடம் ஹைட்ரஜன் பெராக்சைடைத் தரும் வினைகள்: குளுக்கோஸ் ஆக்சிடேஸோடு குளுக்கோஸ், கொலஸ்டிரால் ஆக்சிடேஸோடு கொலஸ்டிரால், அல்லது பாலில் கெடாமலிருக்கக் கலக்கப்படும் பெராக்சைடே. இரும்பு உள்ள நீரில் பெராக்சைடு தானாகவே ஃபென்டன் வினையில் டிஎம்பியை நீலமாக்கிவிடும் என்பதை மறக்க வேண்டாம். மாங்கனீசு டைஆக்சைடில் நிறத்தை அழித்த அதே இரும்பு இங்கே நிறத்தை எழுப்பும்.

## கிராஃபைட்டிக் கார்பன் நைட்ரைடு

உலோகமே இல்லாத தாள். யூரியாவையோ மெலமினையோ மூடிய புடக்குகையில் 550 டிகிரிக்குச் சில மணி நேரம் சூடாக்கினால் வெளிர்மஞ்சள் தூள் கிடைக்கும்; அதை மீண்டும் காற்றில் சூடாக்கியோ சோனிகேட்டரில் வைத்தோ மெல்லியதாக்கலாம். யூரியா தானே என்று வீட்டிலுள்ள உரமூட்டையிலிருந்து எடுத்துவர வேண்டாம்: 2015 முதல் நம் நாட்டு உர யூரியா பெரும்பாலும் வேப்பெண்ணெய் பூசியே வருகிறது, ஆய்வகத் தர யூரியாவே வேண்டும். யூரியாவிலிருந்து விளைச்சல் மிகக் குறைவு, மெலமினிலிருந்து கூடுதல். அம்மோனியா வெளியேறுவதால் புகைபோக்கிப் பெட்டி கட்டாயம்.

வெளிர்மஞ்சள் என்பதால் 652 நானோமீட்டரில் பின்னணி அநேகமாக இல்லை. கண்ணால் படிக்க இதைவிடத் தெளிவான தாள் கிடையாது. தூளாக மாதக்கணக்கில் வைக்கலாம், வெயிலுக்கும் அஞ்சாது. குறை ஒன்றுதான், ஆனால் பெரியது: சொந்தப் பெராக்சிடேஸ் ஆற்றல் வலுவற்றது. இரும்பையோ செம்பையோ கலந்து வலுவூட்டினால், உலோகம் கசிகிறதா என்ற கேள்வி கூடவே வரும். நீல ஒளிபடும்போது பெராக்சைடு இல்லாமலேயே டிஎம்பியை நீலமாக்கும் இயல்பைப் பயன்படுத்திக்கொள்வதே எனக்குச் சுவையான வழியாகத் தோன்றுகிறது. எல்இடி விளக்கை அணைத்தால் வினை நின்றுவிடும் என்பதால் நேரத்தைக் கட்டுப்படுத்துவது எளிது.

எம்எக்ஸீன் என்னும் உலோகக் கார்பைடு, நைட்ரைடுத் தாள்கள் பற்றியும் கேட்கிறார்கள். 2011இல் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் அறிமுகமான இந்தக் குடும்பத்தின் டைட்டானியம் கார்பைடைப் பெற ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ, அதைக் கலத்திலேயே உண்டாக்கும் லித்தியம் ஃபுளோரைடு கலவையோ வேண்டும். கிடைத்த தாளும் நீரில் டைட்டானியம் டைஆக்சைடாக மாறிக்கொண்டே இருக்கும். கால்சியம் குளுக்கோனேட் களிம்பு தயாராக இல்லாத ஆய்வகம் இதன் பக்கமே போக வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | கிராஃபீன் ஆக்சைடு | மாங்கனீசு டைஆக்சைடு | மாலிப்டினம் டைசல்பைடு | கார்பன் நைட்ரைடு |
|---|---|---|---|---|
| நிறம் எழும் வழி | பெராக்சிடேஸ் | ஆக்சிடேஸ். தாள் கரைதல் | பெராக்சிடேஸ் | வலுவற்ற பெராக்சிடேஸ். ஒளியால் ஆக்சிடேஸ் |
| செய்முறை | ஆபத்து, நெடிய கழுவல் | எளிது | சோனிகேட்டரில் எளிது, விளைச்சல் குறைவு | உலை போதும் |
| பின்னணி நிறம் | பழுப்பு | பழுப்பு, அதுவே அறிகுறி | 652க்கு அருகில் குறுக்கீடு | மிகக் குறைவு |
| கெடுக்கும் மாதிரி | உப்பு நீர் | வைட்டமின் சி, ஃபெரஸ் இரும்பு | இரும்பு நீர் | இரும்பு நீர் (பெராக்சைடு சேர்த்தால்) |
| சேமிப்பு | நன்று, உலர்த்தினால் ஒட்டும் | கூழ்மமாகச் சில வாரம் | மெல்ல ஆக்சிஜனேறும் | மிக நன்று |
| உரிய இடம் | டிஎன்ஏ, புரதம் | பூச்சிமருந்து, தயோல்கள் | பெராக்சைடு தரும் நொதிகள் | கண்ணால் படிக்கும் பட்டைகள் |

உப்பைப் பற்றி ஒரு சொல். எல்லாத் தாள்களும் உப்பு நீரில் ஓரளவு திரளும். ஆனால் தங்கத்தில் திரள்வதே நிறமாற்றம். தாள்களில் திரண்டால் வினைவேகம் குறையுமேயொழிய நிறம் தானாக எழாது. கரையோர மாதிரிகளுக்குத் தங்கத்தைவிடத் தாள் மேல் என்று நான் சொல்வதற்குக் காரணம் இந்த வேறுபாடுதான்.

## யாருக்கு எது

வெண்ணாறு, அரசலாறு, கல்லணைக் கால்வாய் நீரில் ஆர்கனோபாஸ்பேட் தேடுகிறவர் மாங்கனீசு டைஆக்சைடை எடுக்கலாம், 0.45 மைக்ரான் வடிகட்டி கலங்கல் நீரில் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும் என்பதால் மாதிரியை ஓர் இரவு படியவிட்டு, அதே வாய்க்கால் நீரிலேயே தரக்கோட்டை (தெரிந்த செறிவுகளுக்கு நிறத்தின் அளவைக் காட்டும் கோடு) வரைய வேண்டும். காய்கறிச் சாறு என்றால் சாற்றை நேரடியாகச் சோதிக்காமல், கரைப்பானால் மருந்தை மட்டும் பிரித்தெடுத்து, கரைப்பானை ஆவியாக்கிப் பஃபரில் கரைத்த பிறகு சோதிக்க வேண்டும். அந்த உழைப்புக்கு நேரமில்லாதவர் இந்த மாதிரியையே எடுக்காமலிருப்பது நல்லது.

பாலில் பெராக்சைடு தேடுகிறவர், கொழுப்பையும் புரதத்தையும் நீக்கிவிட்டு, மாலிப்டினம் டைசல்பைடையோ வலுவூட்டிய கார்பன் நைட்ரைடையோ எடுக்கலாம். காய்ச்சாத பாலில் லாக்டோபெராக்சிடேஸ் இயல்பாகவே இருப்பதால், தாள் இல்லாத வெற்றுக் குழாய் இங்கேயும் தேவை.

இரத்தக் குளுக்கோசுக்கு உணரி செய்ய விரும்புகிறவர்களிடம் வேறு தலைப்பு எடுக்கவே சொல்வேன். வெறும் வயிற்றில் இயல்பு அளவே 3.9 முதல் 5.6 மில்லிமோலார், மைக்ரோமோலார் எல்லையைத் தொட்டுவிட்டேன் என்பதற்கு அங்கே வேலையில்லை, மருந்துக்கடையில் கிடைக்கும் குளுக்கோமீட்டர் அந்த வேலையை ஏற்கெனவே செய்கிறது, மனித மாதிரிக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் பெற வேண்டும். வியர்வையில் அளப்பதென்றால் கதை வேறு. அங்கே அளவு மிகக் குறைவு, நுட்பமான உணரிக்கு உண்மையான தேவை இருக்கிறது.

கைப்பேசியால் படிக்கப்போகிறவர், எந்தத் தாளாக இருந்தாலும், வெளிச்சம் புகாத பெட்டியில் நிலையான எல்இடி வைத்து, டிஎம்பி சேர்த்த பின் ஒவ்வொரு முறையும் ஒரே கால இடைவெளியில் படம் எடுக்க வேண்டும். வினைவேகம் வெப்பத்தோடு மாறும்; 25 டிகிரி அறையில் வரைந்த தரக்கோட்டை 36 டிகிரி வயல்வரப்பில் பயன்படுத்த முடியாது. ஒவ்வொரு முறையும் இரண்டு தெரிந்த செறிவுகளை மாதிரிகளோடு சேர்த்தே ஓட்டுவது இந்தச் சிக்கலைத் தீர்க்கும்.

எதைத் தேர்ந்தாலும் நீலம் வந்த மாதிரிகளில் சிலவற்றையேனும் நிறை நிறமாலையியல் (மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி) வசதியுள்ள ஆய்வகத்துக்கு அனுப்பி ஒப்பிட வேண்டும். தெளிந்த மாதிரிகளிலும் சிலவற்றைச் சேர்த்து அனுப்புங்கள், ஏனெனில் மேலே சொன்ன ஆபத்தான பிழை அங்கேதான் ஒளிந்திருக்கும். பொருளை வாங்கும் முன் செய்யக்கூடிய சோதனையும் ஒன்று இருக்கிறது: உங்கள் மாதிரி நீரில் சில துளி நீர்த்த பெர்மாங்கனேட்டை விட்டு அரை மணி நேரம் பாருங்கள். இளஞ்சிவப்பு அதற்குள் மறைந்துவிட்டால், அந்த நீரில் ஒடுக்கும் பொருள் மிகுந்திருக்கிறது. மாங்கனீசு டைஆக்சைடை ஒதுக்கிவிட்டு, ஒளியால் இயங்கும் கார்பன் நைட்ரைடை முதலில் முயன்று பாருங்கள், அதிலும் ஒடுக்கிகள் நீலத்தை வெளுக்கவைக்கக்கூடும் என்பதால் வெற்றுக் குழாயோடு சேர்த்தே.